கொட்டாங்கச்சியின் இறந்தகாலம்

இன்று விழுப்புரம் ஸ்டேஷன் வாசல் காபிக்கடையில் நடந்தது, நண்பர்களே.

உலகத்துக்கே பொதுமொழி என்று நாம் படிக்கும் எஸ்பெராண்டோவில், திண்டிவனத்திலிருந்து லிஸ்பனுக்கு ஒரு கடிதம் போட்டிருந்தேன். அங்குள்ள நண்பர் அதைப் போர்த்துகீசில் பெயர்த்து, ஒரு படி அனுப்பியிருக்கிறார். கூடவே ஒரு வரி: "அன்று உமக்கு நேர்ந்ததற்கு வருந்துகிறேன்."

என்றைக்கு?

பக்கத்தில் நின்ற, பேண்டு வாசிக்கும், போர்த்துகீசு தெரிந்த கோவாக்காரரிடம் அந்தப் படியைக் காட்டினேன்.

"கொட்டாங்கச்சியில காபி குடிச்சேன்னு கீது சார். 'பெபி'ன்னா ஒரு தபா குடிச்சது. தெனமும் குடிச்சா 'பெபியா'ன்னு எழுதணும்."

"நான் எஸ்பெராண்டோவில 'டிரிங்கிஸ்'னு எழுதினேங்க. அதுல ரெண்டுக்கும் அதே வார்த்தைதான்."

"அப்போ அவர் மேல தப்பில்ல. நீங்க எதை நெனச்சு எழுதினீங்க?"

அதற்குள் காபி வந்துவிட்டது. அவருக்குப் பித்தளை டம்ளரில். எனக்குக் கொட்டாங்கச்சியில்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். டம்ளரைக் கீழே வைக்கவில்லை.

பிழை என்னுடையதுதான். இன்னும் முடியாத ஒன்றை இறந்தகாலத்தில் எழுதிவிட்டேன். லிஸ்பனுக்குத் திருத்தம் போடப்போகிறேன்.

உங்கள் ஊரில் யாருக்காவது இதற்கு இறந்தகாலம் தேவைப்பட்டிருக்கிறதா? இருந்தால் எழுதுங்கள், எந்த மொழியிலும் படிக்கிறேன்.