முன்கதிரையோடு வந்த வரம்புத் தகராறு

என் மனைவியின் வலது முழங்கால் பாதிக்கு மேல் மடங்காது. கிணற்றடியில் வழுக்கி விழுந்து, மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் தகடு வைத்துத் தைத்த கால் அது. நடப்பாள், சமைப்பாள், கொக்கட்டிச்சோலைக் கோயில் திருவிழாவில் என்னைவிடக் கூடுதல் நேரம் நிற்பாள். மடக்கி வைத்துக்கொண்டு உட்காரச் சொன்னால்தான் வினை. கொஞ்ச நேரத்தில் கால் வீங்கிவிடும், பிறகு எழும்பி நிற்க ஆள் பிடிக்க வேண்டும். அதனால் எங்கள் வீட்டில் அவளுடைய கதிரைக்கு முன்னால் எப்போதும் இன்னொரு கதிரை கிடக்கும். வருகிறவர்கள் அதில் உட்காரப் போனால், "அது என்ட காலுக்கு" என்று சொல்லி எழுப்பிவிடுவாள்.

கனடாவில் இருக்கும் எங்கள் ஒரே மகள் முதல் பிள்ளையைச் சுமந்தபோது எங்கள் இருவரையும் வரச் சொன்னாள். சொன்னவளே பயந்தும் போனாள்.

"அம்மா, பிளேன்ல கால் வைக்க இடமே இல்ல. கொழும்பு பஸ்ஸவிட மோசம். உங்கட கால் தாங்குமா?"

"புள்ளப்பேறுக்குத் தாய் வராம வேற ஆரு வாற?"

"சரி, வாங்க. ஆனா நடக்க ஏலாம வந்து இறங்கினீங்களெண்டா அதுதான் கடைசி. மறுகா எத்தின புள்ள பெத்தாலும் நான் உங்களக் கூப்பிட மாட்டன்."

மகள் பாசத்தில் சொன்னதை மனைவி பந்தயமாக எடுத்துக்கொண்டாள். கனடா விமான நிலையத்து வாசலை அவள் தன் காலால் நடந்துதான் தாண்டுவாள். மகள் டிக்கட்டோடு சேர்த்து ஒரு வீல்செயாரும் கேட்டு வைத்திருந்தாள். அதைச் சொன்னதும் மனைவிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "அதில ஏத்தித் தள்ளிக்கொண்டு போனா அவள் என்ன நினைப்பாள்? அடுத்த முறை கூப்பிடுவாளா?" என்று என்னைத்தான் ஏசினாள். வீல்செயாரை நானா கேட்டேன்?

வீட்டில் ஒத்திகை நடந்தது. ஒரு பிளாஸ்டிக் கதிரையை அலுமாரிக்கு எதிரே போட்டு, முழங்காலுக்கும் அலுமாரிக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி விட்டாள். மகள் சொன்ன அளவு அது. ஒவ்வொரு நாளும் பின்னேரம் அதில் இருந்து பழகினாள். என்னையும் இருக்கச் சொன்னாள். நான் நெட்டையன். நாலு விரல் எனக்கு இல்லை, முழங்கால் நேரே அலுமாரிக் கதவில் போய் முட்டியது. "நீங்க ஆம்பிளை, சமாளிப்பீங்க" என்றாள். எங்கள் ஒத்திகையில் ஒரு பிழை இருந்தது. அலுமாரி பின்னால் சாயாது.

என் தொழிலைப் பற்றியும் இங்கே சொல்லவேண்டும். நான் பல போகம் வட்டவிதானையாக இருந்தவன். ஒரே வாய்க்காலில் தண்ணீர் எடுக்கும் வயல்கள் சேர்ந்ததை நாங்கள் வட்டை என்போம். அந்த வட்டையில் யாருக்கு எப்போது தண்ணீர் என்று முறை வைப்பதும் வரம்புச் சண்டை தீர்ப்பதும் வட்டவிதானையின் வேலை. வரம்பு வெட்டுகிறேன் என்று மண்வெட்டியோடு போகிறவன் தன் பக்கம் ஒரு விரல் அளவு கூடச் செதுக்குவான். அடுத்த போகம் மற்றவன் செதுக்குவான். சில வருசத்தில் இரண்டு பேர் எதிரெதிரே நடக்க இருந்த வரம்பில் ஒற்றைக் கால் வைக்க இடம் இராது. அப்போதுதான் இருவரும் என்னிடம் வருவார்கள், வாயெல்லாம் வசவோடு. நானும் லேசுப்பட்ட ஆள் இல்லை. இரண்டு பேரையும் ஏசிவிட்டுத்தான் தீர்ப்புச் சொல்வேன்.

கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து வளைகுடா வரை பிரச்சினை இல்லை. வேலைக்குப் போகும் பெடியன்கள் நிறைந்த விமானம், நாலைந்து மணித்தியாலப் பயணம், மனைவி இரண்டு முறை எழும்பி நடந்தாள். அங்கே மாறி ஏறியதுதான் பெரிய பயணம். அவளுக்கு நடைபாதை ஓரக் கதிரை, எனக்கு நடுக் கதிரை. யன்னல் பக்கம் ஒரு பிள்ளை தொப்பியை முகத்துக்கு இழுத்துவிட்டு நித்திரையாகிவிட்டது.

முதல் தகராறு பையால் வந்தது. மகளின் பத்தியத்துக்கென்று மிளகு, சீரகம், மல்லி, மஞ்சள் எல்லாம் வறுத்து இடித்த சரக்குத்தூள் அந்தப் பைக்குள் இருந்தது. அதைத் தலைக்கு மேலுள்ள தட்டில் வைக்க மனைவி சம்மதிக்கவில்லை. கொழும்பு பஸ்ஸில் ஒருமுறை மேல் தட்டிலிருந்து தயிர்ச்சட்டி உருண்டு ஒருவரின் தலையில் உடைந்ததைப் பார்த்தவள் அவள். பிளேனும் வளைவில் திரும்பும்தானே என்றாள். பணிப்பெண் சிரித்துக்கொண்டே, அப்படியென்றால் முன்கதிரைக்குக் கீழே தள்ளுங்கள் என்று சைகை காட்டினாள். மனைவியின் கால் பக்கம் இடம் இல்லை. ஆகவே பை என் கால் பக்கம் வந்தது. அலுமாரியில் இல்லாத நாலு விரல் எனக்குப் பிளேனிலும் இல்லாமல் போனது.

அவள் காலை நடைபாதைக்குள் நீட்டிப் பார்த்தாள். சாப்பாட்டு வண்டில் வந்து இடித்தது. மன்னிப்புக் கேட்டார்கள், கூடவே காலை உள்ளே எடுக்கவும் சொன்னார்கள். எடுத்தாள். சாப்பாடு முடிந்து தட்டுகளை எடுத்த அடுத்த நிமிடம், அவளுக்கு முன்னால் இருந்த கதிரை சடாரென்று பின்னால் சாய்ந்து, தகடு வைத்த முழங்காலிலேயே வந்து இடித்தது.

"ஐயோ அம்மா!" என்றாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தில், இங்கே யாருக்குத் தமிழ் விளங்கும் என்ற துணிவும் சேர்ந்துகொண்டது. "எருமை சேத்தில விழுந்த மாதிரி விழுறான் பாரு" என்று சத்தமாகவே சொன்னேன்.

முன்கதிரைக்கு மேலால் ஒரு தலை எழும்பியது. நரைத்த தாடி, வெள்ளைத் தொப்பி.

"எருமை இல்ல ஐயா. காத்தான்குடி."

எங்கள் மட்டக்களப்புக்குப் பக்கத்து ஊர், நாங்கள் பேசும் தமிழேதான். கதிரைக்குக் கீழே போய் ஒளிந்திருப்பேன். அங்கும் சரக்குத்தூள் பைதான் இருந்தது.

மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், அந்த வலியிலும். அந்த மனிதரும் சிரித்தார். பிறகு அவரும் நானும் அவரவர் நியாயத்தைச் சொன்னோம். நான் தகடு வைத்த காலைக் காட்டினேன். அவர் சட்டையைக் கொஞ்சம் தூக்கி, இடுப்பில் கட்டியிருந்த அகலமான பட்டியைக் காட்டினார். வளைகுடாவில் வருசக்கணக்கில் லொறி ஓட்டியவராம். இப்போது ஊரில் துணிக்கடை, மகனைப் பார்க்கப் போகிறார்.

"நிமிந்தே இரிந்தா எனக்கு உசிர் போகும் ஐயா. முள்ளந்தண்டு தேஞ்சு போச்சு."

"நீங்க சாய்ஞ்சா இவட உசிர் போகுது."

"அப்ப என்ன செய்யிற?"

என்ன செய்வதென்று என்னைக் கேட்டால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். "முறை வைப்பம்" என்றேன்.

"தண்ணி முறை மாதிரியா?" என்று கேட்டார். அவருடைய வாப்பாவும் வயல் செய்தவராம். பிறகு நான் விளக்கவே தேவை இருக்கவில்லை. மணிக்கூட்டைப் பார்த்துக் கணக்கு வைக்க எங்களில் ஒருவருக்கும் பொறுமை இல்லை. முன்னால் இருந்த சின்னத் திரையில் படம் ஓடியது. ஒரு படம் அவர் சாய்வது, ஒரு படம் அவர் நிமிர்ந்திருப்பது என்று தீர்ப்பானது.

அந்தத் தீர்ப்பில் மனைவி கை வைத்தாள். எங்கள் முறை வந்ததும் இருப்பதிலேயே நீளமான தமிழ்ப் படத்தைத் தேடிப் போட்டாள். அவர் தன் முறைக்குப் போட்ட ஆங்கிலப் படம் ஒரு மூச்சில் முடிந்திருந்தது. எங்கள் படத்தில் கல்யாணம் முடிந்து, சண்டை முடிந்து, இன்னொரு சண்டையும் தொடங்கியபோது அவர் திரும்பினார்.

"அக்கா, இது அநியாயம். ஒங்கட படம் முடியுதே இல்ல."

"இப்பதான் முக்கியமான இடம், கொஞ்சம் பொறுங்க" என்றாள்.

அவர் பொறுத்தார். நல்ல மனிசன். நிமிர்ந்திருக்கும் நேரத்தில் கதிரை இடுக்கால் என்னோடு கதைத்தார். "முந்தி இப்பிடி இல்ல ஐயா. நான் முதல் போன காலம் காலுக்கு மேல கால் போட்டு இரிந்த. மறுகா வருசம் வருசமா கதிரை கிட்டக் கிட்ட வந்திட்டு. நாமதான் கொழுத்திட்டம் எண்டு நினைச்சன்."

அதைக் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. வட்டையில் நான் தீர்த்த சண்டைகளில் வரம்பைச் செதுக்கியவன் எப்போதும் எதிரே நிற்பான். மண்வெட்டியில் ஈர மண் இருக்கும், பிடித்து ஏசலாம். இங்கே செதுக்கியவன் விமானத்திலேயே இல்லை. செதுக்கிய இடத்தில் இன்னும் ஒரு வரிசை கதிரை போட்டு விற்றுவிட்டு எங்கேயோ இருக்கிறான். நானும் காத்தான்குடிக்காரரும் மிச்சமிருந்த நாலு விரலுக்காக எருமை என்றும் அநியாயம் என்றும் சொல்லிக்கொண்டோம். எனக்கு அவர் மேல் இருந்த கோபம் அத்தோடு போய்விட்டது. மற்றவன் மேல் வந்த கோபம் இன்னும் போகவில்லை.

அவர் சாயும் முறையில் மனைவி என் பக்கம் திரும்பி, காலைத் தூக்கி என் மடியில் நீட்டினாள். நடுவில் இருந்த கைப்பிடியை உயர்த்திவிட்டோம். கால் மடியில் இருக்கும்போது நான் அசைய முடியாது. கீழே பை, முன்னால் கதிரை. முதலில் என் கால் உளைந்தது, பிறகு விறைத்தது, அதன் பிறகு எனக்குக் கால் இருக்கிறதா என்றே தெரியவில்லை. எழும்பி நடந்துவிட்டு வாங்க என்று அவள் சொல்லத்தான் செய்தாள். ஆனால் சொன்ன கையோடு கண்ணயர்ந்துவிட்டாள், முழங்காலும் வீங்காமல் இருந்தது, எழுப்ப எனக்கு மனம் வரவில்லை. தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். இந்தக் கால் இப்படியே கனடா போய்ச் சேர்ந்தால் போதும் என்று மண்டூர் முருகனிடம் கேட்டேன். என் காலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

விமானம் நின்றது. மனைவி எழும்பினாள், கொஞ்சம் தாங்கித் தாங்கி நின்றாள், பிறகு நேராக நின்றாள். நான் எழும்பினேன், அப்படியே திரும்பவும் கதிரையில் விழுந்தேன். இரண்டு கணுக்காலும் வாழைத்தண்டு போல வீங்கியிருந்தன, செருப்புக்குள் பாதம் போகவில்லை. காத்தான்குடிக்காரர் தன் முதுகையும் மறந்து என்னைக் கைத்தாங்கலாக வாசல்வரை கொண்டுவந்தார். வாசலில் வீல்செயாரோடு ஒரு பெண் நின்றாள், மனைவியின் பெயர் எழுதிய அட்டையைப் பிடித்தபடி. மனைவி என்னைக் காட்டி, "ஹிம், ஹிம்" என்றாள்.

அப்படித்தான் நாங்கள் வெளியே வந்தோம். முன்னால் அவள், தோளில் சரக்குத்தூள் பையோடு, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் கொடி பிடித்துப் போகிறவள் போல. பின்னால் நான், வீல்செயாரில், செருப்பை மடியில் வைத்துக்கொண்டு. மகள் வயிற்றைப் பிடித்தபடி ஓடிவந்தாள். தாயைப் பார்த்துச் சிரித்தாள், என்னைப் பார்த்து அழுதாள்.

"பாத்தியா, நடந்து வந்திட்டன்" என்றாள் மனைவி.

என் கால் வீக்கம் வற்ற நாள் எடுத்தது. அங்கத்தைய டொக்டர் ஊசி போட்டார், இறுக்கமான காலுறை தந்தார், இனி இவ்வளவு நேரம் மடங்கி இருந்தால் இரத்தம் கட்டி உயிருக்கே ஆபத்து என்று மகளிடம் சொன்னார். பேத்தியைக் கையில் வாங்கினேன். ஒரு மாரிப்போகம் முழுவதும் அங்கே இருந்தோம். திரும்பி வரும்போது மகள் கெஞ்சிக் கூத்தாடி எனக்கு ஒரு ஓரக் கதிரை எடுத்துத் தந்தாள், வழிநெடுக எழும்பி எழும்பி நடந்தே வந்து சேர்ந்தேன்.

இந்த வருசம் மகள் இரண்டாவது பிள்ளையைச் சுமந்தாள். தாயைக் கூப்பிடுவதா என்று அவள் யோசிக்கவில்லை, அந்தப் பந்தயத்தில் தாய் வென்றுவிட்டாள். என்னைப் பற்றித்தான் தயங்கித் தயங்கிக் கதைத்தாள். விமானத்தில் முன்னுக்குக் கால் நீட்டி இருக்கக்கூடிய கதிரைகள் இருக்கின்றனவாம். அம்மாவுக்கு அதில் ஒன்று எடுத்தால் நிம்மதியாக வருவாவாம். ஆனால் அந்த ஒன்றின் காசு, எங்கள் இரண்டு பேரின் டிக்கட் காசாம்.

"அப்பா, நீங்க என்ன சொல்றீங்க?"

வட்டவிதானை யோசிக்க நேரம் எடுக்கக்கூடாது. "அம்மா போகட்டும்" என்று உடனே சொன்னேன். ஃபோனை வைத்த பிறகுதான் ஆத்திரம் வந்தது. எங்கள் வரம்பில் செதுக்கி எடுத்த மண்ணை எங்களுக்கே திருப்பி விற்கிறார்கள். அதை வாங்க என் கதிரையைக் கொடுக்கவேண்டியிருந்தது.

புறப்படும் முன் மனைவி விமானத்துக்குள் இருந்து வீடியோவில் கூப்பிட்டாள். ஃபோனைக் கீழே பிடித்துக் காலைக் காட்டினாள். நேராக, தாராளமாக நீட்டியிருந்தாள். பக்கத்தில் யாரோ ஒருவருடைய கை தெரிந்தது.

"எப்படி?" என்றாள்.

"நல்லம்" என்றேன்.

பேரன் பிறந்துவிட்டான். என்னைப் போல நீளக் காலாம். ஃபோனில் பார்த்தேன், முகம்தான் தெரிந்தது. தூக்கவேண்டும் போல் இருந்தது, அதை மனைவியிடமும் சொன்னேன். அவள் உடனே பகிடிக்குத் தாவினாள்.

"அங்க உங்களுக்குத்தான் சுகம். கட்டில் முழுக்க நீங்கதானே. நல்லா நீட்டி நிமிந்து படுக்கிறீங்களா?"

"ஓம்" என்றேன்.

ஒவ்வொரு நாளும் விடிய எழும்பிப் பார்க்கிறேன். என் பாதியில்தான் கிடக்கிறேன், முழங்காலை மடக்கிக்கொண்டு. அவளுடைய காலுக்கென்று போட்ட கதிரையும் அதே இடத்தில் கிடக்கிறது.