ஆடிக்குள் அச்சேறிய கையேடு

சிவகாசியில் ஒரு விஷயம் அச்சேறிவிட்டால் அது உண்மையாகிவிடும். கிண்டலுக்குச் சொல்லவில்லை; சரி, கொஞ்சம் கிண்டலுக்கும்தான். அடுத்த வருஷம் பிறப்பதற்கு வெகு முன்பே அதன் நல்ல நேரம், ராகு காலம் எல்லாம் இங்கே அச்சாகிக் கட்டுக் கட்டாக லாரி ஏறிவிடும். வருஷமும் அச்சடித்தபடியே ஒழுங்காக வந்து சேரும். அந்தத் தைரியத்தில்தான் எங்கள் முதலாளி சாஃப்ட்வேர் தொழிலில் இறங்கினார்.

அவருடைய காலண்டர் அச்சகத்தின் மாடியில் ஓர் அறை. கீழே மெஷின் ஓடினால் மேலே எங்கள் நாற்காலியும் சேர்ந்து ஆடும். சாஃப்ட்வேர் டூல் ஒன்றைச் செய்ய ஓர் என்ஜினியர், அதைப் பற்றி எழுத நான். பெங்களூரில் இதே எழுத்து வேலைதான் பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் பக்கத்துத் திருத்தங்கலில், எங்கள் வீட்டில், அவள் அப்பாவிடம் வளர்ந்தாள். இனி அவளை விட்டுப் போகக் கூடாது என்று திரும்பி வந்தவளுக்கு, டவுன் பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் கிடைத்த ஒரே வேலை இது. மெட்ராஸ் பார்ட்டி ஒருவர் டூலுக்கு ஆர்டர் கொடுத்தால் மாடி ஓடும். இல்லையென்றால் அது காலண்டர் குடோன், எனக்கு மறுபடி பெங்களூர். முதலாளி எதைச் சொன்னாலும் தலையாட்டும் நிலைமையில்தான் இருந்தேன்.

டூல் நல்ல டூல். வெப்சைட் நடத்துகிறவர்கள் விவரம் ஏற்றுவதற்கு ஒரு திரை இருக்கும்: தலைப்புக்கு ஒரு கட்டம், தேதிக்கு ஒன்று, படத்துக்கு ஒன்று. பட்டாசுக் கடைக்காரருக்கு இது பத்தாது. வெடி வானத்தில் எத்தனை முறை வெடிக்கும் என்று போடத் தனிக் கட்டம் கேட்பார். அப்படி ஒரு புதுக் கட்டத்தைப் பொருத்தும் பிளகின் என்ற துண்டு நிரலை எழுதப் புரோகிராமர்கள் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். எங்கள் டூலிடம் கட்டத்தின் பெயரையும் வகையையும் சொன்னால், பிளகினை அதுவே எழுதிக் கொடுத்துவிடும். டூலைப் பற்றி முன்பின் தெரியாத ஒருவர் படித்துப் பார்த்து அதைச் செய்து முடிக்கும்படி கையேடு எழுதுவது என் வேலை.

"ஆடிப் பதினெட்டுக்குள்ள அச்சுக்குப் போயிரணும்மா," என்றார் முதலாளி. ஆர்டர் பிடிக்கப் புதுக் காலண்டர்களின் மாதிரி ஆல்பம் வெளியாகும் நாள் அது. எங்கள் ஊரில் மற்ற தேதிகளெல்லாம் அதற்குப் பிறகுதான்.

"அண்ணாச்சி, இதெல்லாம் வெப்லதான் போடுவாக. டூல் வாரத்துக்கு வாரம் மாறும். அங்கன இருந்தா கூடவே மாத்திக்கிடலாம்," என்றேன்.

"வெப்ல இருந்தா பார்ட்டி கைல எதக் குடுக்க? நீங்க எழுதுங்க, அச்சடிக்கத நான் பாத்துக்கிடுதேன்."

எழுதினேன். ஒவ்வொரு படியையும் நானே செய்து பார்த்து, தப்பில்லை என்று தெரிந்த பிறகே எழுதினேன். கீழே இருந்த டிசைனர் அதை வாங்கிக்கொண்டார். பட்டாசு லேபிள் போட்டே பழகிய கை. அட்டையில் தங்க ஃபாயிலில் ராக்கெட் பறந்தது. முதலாளி புரூஃபில் கையெழுத்துப் போட்டுவிட்டார். எனக்குக் காட்ட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பைண்டிங் முடிந்து வந்த பிறகுதான் புத்தகத்தைப் புரட்டினேன். டூலின் திரையைக் காட்டும் படத்தில், கட்ட வகைகளின் வரிசையில், எழுத்து, தேதி, படம் எல்லாவற்றுக்கும் கீழே 'கிஃப்ட் பாக்ஸ்' என்று ஒன்று இருந்தது. அது பலவகைப் பட்டாசையும் சேர்த்து அடைத்து விற்கும் பெட்டி; அப்படி ஒரு வகையே டூலில் கிடையாது.

கீழே ஓடினேன். டிசைனர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"எடம் காலியா இருந்துச்சுக்கா. லேபிள்ல காலியா விட்டா பார்ட்டி ஏத்துக்கிட மாட்டாக. அதான் ஃபில் பண்ணிட்டேன்."

இதற்குள் என்ஜினியர் வேறு தன் பங்குக்குத் திரையில் பட்டன்களை இடம் மாற்றியிருந்தார். புத்தகத்தை எரித்துவிட வேண்டும் என்றேன். முதலாளி என்ஜினியர் பக்கம் திரும்பினார்.

"புக்குல இருக்க மாதிரி டூல மாத்திருப்பா."

"டூலப் பாத்துத்தான அண்ணாச்சி புக்கு?"

"புக்கு அம்புட்டு காப்பி அடிச்சாச்சு. உன் டூலு ஒண்ணுதான இருக்கு. எத மாத்த லேசு?"

பட்டன்கள் பழைய இடத்துக்குப் போயின.

புத்தகம் கைக்குப் போய்ச் சேர்ந்ததும் மெட்ராஸ் பார்ட்டி போன் செய்தார். முதலாளி ஸ்பீக்கரில் போட்டார். அட்டை பிரமாதமாம். இந்த கிஃப்ட் பாக்ஸ் என்பதுதான் தங்களுக்கு வேண்டுமாம், அதற்குள் மற்ற கட்டங்களைப் போட்டு வைக்கலாம்தானே என்று கேட்டார். நான் எழுதிய ஒரு வரியைக்கூட அவர் படிக்கவில்லை. படித்திருந்தால், அந்தப் பெயர் அந்த ஒரு படத்தைத் தவிர வேறெங்குமே இல்லை என்பது தெரிந்திருக்கும். முதலாளி எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துக்கொண்டே, "அதுக்குத்தாங்க அது," என்றார்.

என்ஜினியர் சாப்பாடு தூக்கம் இல்லாமல் அதைச் செய்து முடித்தார். பாவி மனுஷன், நன்றாகவே செய்தார். ஆர்டர் வந்தது. மாடி தப்பியது. எனக்கு அன்று தலைகால் புரியவில்லை. மகளை இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே கடைசி வகுப்புவரை படிக்கவைப்பது என்று பஸ்ஸிலேயே முடிவு செய்தேன்.

மறுநாள் முதலாளி கூப்பிட்டனுப்பினார். மேஜையில் ஸ்வீட் டப்பா இருந்தது.

"ரொம்பச் சந்தோசம்மா. நல்லபடியா முடிச்சுக் குடுத்துட்டீக. அடுத்த ஆடிக்கு ஒரு மாசம் முந்தி வந்துருங்க."

எனக்கு உடனே விளங்கவில்லை. "அதுவரைக்கும் அண்ணாச்சி?"

"அதுவரைக்கும் என்ன இருக்கு? அதான் அச்சடிச்சாச்சுல்ல. நம்ம காலண்டர் வேலைக்கு வாரவுகளும் சீசன் முடிஞ்சா போயிருவாகளே."

அவர் முகத்தில் கபடம் ஒன்றும் இல்லை. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. ஏமாற்றுகிறவரிடம் சண்டை போடலாம். வாய் நிறைய வாழ்த்தி அனுப்புகிறவரிடம் என்ன செய்வது? கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு டப்பாவை வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து, மறுபடி பெங்களூருக்கென்று பரணிலிருந்து பெட்டியை இறக்கினேன். மகள் வாசற்படியில் நின்று பார்த்தாள். அவள் அப்பாவின் போனைத் தேடி எடுத்துச் சார்ஜில் போட்டாள்.

"வீடியோ கால்ல பேசணும்ல," என்றாள்.