கிறீன் பின்னுக்குள் போன சால்மன் முள்ளு

கனடாவில, ஸ்காபரோவில இருபது வருசம் கிண்டர்காடின் பிள்ளையளோட மாரடிச்சுப்போட்டு ஓய்வு பெற்றனான். இந்த வேலைக்குப் புதுசா வாற பிள்ளையள், "அன்ரி, உங்கட அனுபவத்தைச் சொல்லுங்கோ" எண்டு கேட்கினம். கெட்டித்தனம் காட்டின கதையெல்லாம் மறந்துபோச்சு. மூக்குடைபட்டது மட்டும் நல்ல ஞாபகம்.

அந்த வருசம் பூர்வகுடி மக்களுக்கும் சால்மன் மீனுக்கும் உள்ள உறவைப் படிப்பிக்க வேண்டி வந்தது. சால்மனைப் பற்றி எனக்குத் தெரிஞ்சது ரின் மீனும் குழம்பும்தான். விடுவனே? சனி ஞாயிறு முழுக்க இருந்து சார்ட் ஒண்டு செய்து, 'மரியாதை' எண்டு இங்கிலிசில பெரிசா எழுதி, லமினேற்றும் பண்ணினன்.

பாடம் சொல்ல வந்தவ மார்லீன். மேற்குக் கரையில ஒரு சால்மன் ஆத்தங்கரையில பிறந்த பூர்வகுடிப் பெண். முழு மீனாச் சுட்டுக் கொண்டந்து, முள்ளெடுத்துப் பிள்ளையளுக்குக் குடுத்தா. முள்ளெல்லாத்தையும் ஒரு சட்டியில சேர்த்தா.

"எங்கட ஊரில வருசத்தில பிடிபடுற முதல் மீனை எல்லாரும் பங்கிட்டுச் சாப்பிட்டு, முள்ளை ஆத்துக்கே திருப்பிக் குடுப்பம். மரியாதையா அனுப்பினால்தான் திரும்பி வரும்" எண்டா.

"நாங்களும் குடுப்பம்!" எண்டு பிள்ளையள் கத்திச்சினம். ரிசெஸ் இடைவேளை முடியப் பள்ளிக்குப் பின்னால ஓடுற கிறீக் எண்ட சின்ன ஆத்துக்குப் போறதெண்டு ஏற்பாடு.

இதெல்லாம் என்ரை காதுக்குக் கேட்டது. கைக்குத்தான் கேட்கேல்லை. மீன் தின்ற இடத்தில வெடுக்கு மணம் நிண்டால் எங்கட ஆக்களுக்கு மானம் போயிடுமெல்லோ! பிள்ளையள் வெளிய போன கையோட முள்ளை மூண்டு பையில சுத்தி, இறுக்கி முடிஞ்சு, வெளியில நிண்ட, சாப்பாட்டுக் கழிவு போடுற பச்சைப் பெட்டி, அதுதான் கிறீன் பின், அதுக்குள்ள எறிஞ்சிட்டன். சட்டியையும் மினுக்கிக் கவிட்டு வச்சன்.

மார்லீன் வந்து பார்த்தா. "முள்ளு எங்கை?"

கிறீன் பின்னைக் கையால காட்டினன். "வீட்டு பிறிஜ்ஜில ஒரு சால்மன் தலை கிடக்கு. ஓடிப்போய் எடுத்து வரட்டே? பிள்ளையளுக்குத் தெரியவே போகுது?" எண்டு கேட்டன். பாருங்கோ என்ரை புத்தியை!

அவ சிரிக்கேல்லை. "அவை சாப்பிட்டது அந்த மீனை இல்லையே. நீங்களே பிள்ளையளுக்குச் சொல்லுங்கோ."

சொன்னன். மாயா எண்ட நாலு வயசுக்காரி உதட்டைப் பிதுக்கி அழத் தொடங்கீட்டாள். "அப்ப இனி மீன் வராதோ?"

நேர போய்க் கிறீன் பின்னுக்குள்ள இடுப்பு மட்டும் குனிஞ்சன். வாழைப்பழத் தோல், கோப்பித்தூள், அடியில என்ரை பை. வகுப்பு முழுக்க சுத்தி நிண்டு பார்த்தது. முடிச்சு அவிழுதில்லை. நானெல்லோ முடிஞ்சது!

பையைக் கிழிச்செடுத்து, கிறீக்கடியில ஆளுக்கொரு முள்ளு விட்டம். மாயா குந்தியிருந்து தண்ணிக்குச் சொன்னாள்: "சொறி, மீனே. எங்கட ரீச்சருக்குத் தெரியாது. அவவோட கோவிக்காமல் திரும்பி வா."

மார்லீன் அப்பதான் சிரிச்சா. எனக்கு அழுகை வந்திட்டுது.

ஆகவே பிள்ளையள், ஒருவர் பாடம் சொல்ல வந்தால் நீங்களும் நிலத்தில இருந்து கேளுங்கோ. துப்புரவாக்கிறதைப் பிறகு பார்க்கலாம். என்ரை சார்ட்டை அண்டைக்கே கழட்டினன். அந்த இடத்தில மாயா கீறின படத்தை ஒட்டினம். ஒரு ஆறு, நிறைய மீன், கரையில பெரிய பச்சைப் பெட்டி ஒண்டு. அதுக்கு வெளியில தெரியிற இரண்டு காலும் என்ரைதான்.