முப்பத்தெட்டு ஓடைகளின் கழிவு

தட்டின் இடது ஓரத்தில் கிடந்தது மற்றவற்றைவிடக் கொஞ்சம் பச்சையாக இருந்தது. லதீஃபா இடுக்கியின் முனையால் அதைப் புரட்டினாள். வால் பக்கம் தடித்து, நடுவில் ஒடுங்கி, அரை அரிசி நீளம். வடிவம் சரி. நிறம் சரியில்லை. எடுத்து ஒதுக்கினாள். அடுத்தது சாம்பல் நிறம், பக்கவாட்டில் கறுப்புப் புள்ளியோடு இருந்தது. அது குப்பிக்குள் போயிற்று.

இது முப்பத்தெட்டாவது ஓடை. நெல்லியாம்பதிக்கு மேலே ஏதோ ஒரு பாறைச் சரிவில் ஓடுவது. கறுப்பு ஈயின் புழுக்கள் அதில் கல்லையும் இலையையும் பற்றிக்கொண்டு வாழ்ந்திருந்தன. இப்போது ஸ்பிரிட்டில் மூழ்கி, மணலோடும் இலைத் துணுக்குகளோடும் மட்டாஞ்சேரிக்கு வந்து அவள் முன்னால் வெள்ளைத் தட்டில் கிடந்தன. குப்பையை நீக்கிப் புழுவை எடுத்துக் குப்பியில் போடுவது அவள் வேலை. குப்பிக்குள் ஓடையின் பெயரைப் பென்சிலால் எழுதிய துண்டுத்தாளும் போகும். பேனாவால் எழுதினால் ஸ்பிரிட் அழித்துவிடும்.

மறுநாள் காலை பதினோரு மணிக்குக் கமிட்டி வருகிறது. மறுநாளோடு அவளுடைய பதினோரு மாத ஒப்பந்தமும் முடிகிறது. மலை ஓடைகளில் எத்தனை இனக் கறுப்பு ஈ இருக்கிறது என்று தேடும் திட்டத்தின் இரண்டாம் கட்டத்துக்குக் கமிட்டி சம்மதித்தால் வேலை தொடரும். சம்மதிக்காவிட்டால் நாற்காலி போய்விடும்.

வேலையைவிட நாற்காலியைத்தான் அவள் பெரிதாக நினைத்தாள். இருபத்திரண்டு ஆண்டுகள் கொச்சங்காடியில் ஒரு பாண்டிகசாலையில், அதாவது மிளகும் சுக்கும் ஏலமும் அடுக்கிய கிடங்கில், முறத்தை முன்னால் வைத்துத் தரையில் உட்கார்ந்து பொறுக்கியவள் அவள். நாற்பத்தேழு வயதில் முட்டி மடங்க மறுத்தது. அதே சமயத்தில் முதலாளியின் வியாபாரமும் படுத்தது. கீழ்த்தளம் ஓவியக் கண்காட்சியாகவும் சாயா ஒன்றுக்கு ஊரில் யாரும் கொடுக்காத விலை வாங்கும் கடையாகவும் மாறியது. மேல்தளத்துக்கு ஈ ஆபீஸ் வந்தது.

ஈ ஆபீஸ் மட்டாஞ்சேரிக்கு வந்ததற்கு விஞ்ஞானக் காரணம் எதுவும் கிடையாது. கட்டிடம் திட்டத் தலைவர் டாக்டர் ஹரிநாராயணனின் மாமனாருடையது. கறுப்பு ஈ ஓடுகிற நீரில்தான் முட்டையிடும். மட்டாஞ்சேரியின் கால்வாய்களில் நீர் ஓடுவதில்லை, இருக்கிறது. சுவரில் மாட்டிய வரைபடத்தில் சிவப்புக் குண்டூசிகள் எல்லாம் கிழக்கே மலையோரம் குத்தியிருந்தன. மட்டாஞ்சேரி இருக்கும் இடத்தில் காலண்டர் தொங்கியது.

மாமனாரிடம் வாடகைக்கு இருந்த பழைய முதலாளியிடம் டாக்டர், நல்ல கண் உள்ள ஆள் யாராவது இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார். முதலாளி லதீஃபாவின் பெயரைச் சொன்னார். சுள்ளிக்கல்லில் ஆட்டோ ஓட்டும் அவள் கணவன் பஷீருக்கு இது பல நாள் சிரிப்பாக இருந்தது. ஏலக்காய் பொறுக்கியவள் இனிமேல் ஈ பொறுக்குவாள், அடுத்து என்ன, கொசுவா என்றான். பிறகு ஆபீஸில் ஏ.சி. இருப்பது தெரிந்ததும் சவாரிகளிடம் பெருமையாகச் சொல்லத் தொடங்கினான். மகள் ஆஷிஃபா மட்டும் கல்லூரியில் அம்மாவின் வேலையைப் பற்றிக் கேட்டவர்களிடம் லேப் என்று சொல்லி நிறுத்திக்கொண்டாள்.

முதல் நாள் டாக்டர் அவளுக்கு வேலை சொல்லிக் கொடுக்க மூன்று நிமிடம் எடுத்துக்கொண்டார். அவர் பாலக்காட்டுக்காரர். லதீஃபாவின் குடும்பமும் இரண்டு தலைமுறைக்கு முன் அங்கிருந்து வந்த ராவுத்தர் குடும்பம். அதனால் இருவருக்கும் தமிழே போதுமாக இருந்தது. ஒரு புழுவை எடுத்துக் கண்ணாடித் தட்டில் வைத்தார்.

"இதாக்கும் நம்ம ஆள். இந்த மாதிரி இருக்கறதை எடுத்துக் குப்பியிலே போட்டா மதி, அவ்வளவு போதும். மத்தது ஒண்ணும் வேண்டாம்."

லதீஃபாவுக்கு இதில் விளங்காதது எதுவும் இல்லை. பாண்டிகசாலையில் இது தினசரி நடந்தது. வாங்குகிறவர் ஒரு பிடி மிளகை உறையில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போவார். அனுப்புகிற மூட்டை முழுவதும் அந்தப் பிடியைப் போல இருக்க வேண்டும். அதே பருமன், அதே கறுப்பு, அதே சுருக்கம். பிடியோடு ஒத்துப்போகாதது எவ்வளவு நல்ல மிளகானாலும் கழிவு. அவள் டாக்டர் காட்டிய புழுவை ஒரு சின்னக் குப்பியில் போட்டு மேஜைமேல் வைத்துக்கொண்டாள். பதினோரு மாதமும், தட்டுக்கு வந்த ஒவ்வொரு புழுவையும் அதோடு ஒப்பிட்டுப் பார்த்தே எடுத்தாள். பழுப்பு, பச்சை, தலையில் கோடு உள்ளது, வயிறு அதிகம் தடித்தது எல்லாவற்றையும் ஒதுக்கினாள்.

கழிவை எறியவில்லை. எறியக் கூடாது. பாண்டிகசாலையில் ஆண்டு முடிவில் நல்லது, கழிவு, தூசி மூன்றையும் சேர்த்து நிறுத்தால் வந்த சரக்கின் எடை வர வேண்டும். வராவிட்டால் பொறுக்கியவள் மடியில் கட்டிக்கொண்டு போனாள் என்று அர்த்தம். இருபத்திரண்டு ஆண்டுகளில் அவள் கணக்கில் எடை ஒருமுறைகூடக் குறைந்ததில்லை. அதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் கொஞ்சம் உயரும். எனவே இங்கும் கழிவையெல்லாம் ஒரு பெரிய கண்ணாடி ஊறுகாய் ஜாடியில், அவள் சொல்லில் பரணியில், போட்டு, ஸ்பிரிட் ஊற்றி, இறுக மூடி அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்திருந்தாள். ஸ்பிரிட் குறையும்போதெல்லாம் ஊற்றினாள்.

குப்பிகள் அடுத்த அறைக்குப் போயின. அங்கே தன்யா என்ற ஆராய்ச்சி மாணவி அவற்றை மைக்ராஸ்கோப்பில் பார்த்து இனத்தின் பெயரை எழுதுவாள். முதல் ஓடையில் ஓர் இனம். இரண்டாவதிலும் அதே இனம். பத்தாவது ஓடை வந்தபோது தன்யா சந்தேகப்பட்டாள். மலைக்குப் போகிற ஆட்கள் ஒரே ஓடையில் எடுத்துப் பல பெயரில் கொண்டுவருகிறார்களோ என்று டாக்டரிடம் கேட்டாள். ஆட்கள் கால்சட்டையை உயர்த்தி ஈ கடித்த தழும்புகளைக் காட்டினார்கள். ஒவ்வொரு தழும்புக்கும் ஓடையின் பெயர் சொன்னார்கள். டாக்டர், இயற்கை பாடப்புத்தகம் படித்துவிட்டு வருவதில்லை என்று தன்யாவுக்கு விளக்கினார்.

இருபதாவது ஓடையில் அவருக்கு உற்சாகம் வந்தது. முப்பதாவதில் கொள்கை வந்தது. திருவனந்தபுரத்தில் ஒரு கருத்தரங்கில் 'ஒரு மலைத்தொடர், ஓர் இனம்' என்ற தலைப்பில் நாற்பது நிமிடம் பேசினார். ஐம்பது கிலோமீட்டர் இடைவெளியில் உள்ள ஓடைகளில்கூடப் புழுக்கள் ஒன்றுபோல இருப்பதைப் படம் போட்டுக் காட்டினார். அவை உண்மையிலேயே ஒன்றுபோல இருந்தன. திரும்பி வந்து லதீஃபாவிடம், உங்கள் குப்பிகளைப் பார்த்தவர்கள் இவ்வளவு சுத்தமான ஸாம்பிள் பார்த்ததில்லை என்று சொன்னார்கள் என்றார். அவள், பழகின கை ஸாரே என்றாள்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு வந்த கமிட்டியில் மூன்று பேர். தலைவர் ராமபத்ரன், ஓய்வுபெற்ற பேராசிரியர். மற்ற இருவரும் அவர் தலையாட்டினால் ஆட்டுகிறவர்கள். டாக்டர் ஹரிநாராயணன் திரையில் படங்களை ஓட்டி ஒரு மணி நேரம் பேசினார். ராமபத்ரன் குறுக்கிடாமல் கேட்டார். கடைசியில், முப்பத்தெட்டு ஓடையிலும் ஒரே இனம் என்றால் இனி தேடுவதற்கு என்ன இருக்கிறது, இரண்டாம் கட்டம் எதற்கு என்று கேட்டார். டாக்டர் இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. தன் கண்டுபிடிப்பு எவ்வளவு முழுமையானது என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. லேப் பார்க்கலாமே என்றார்.

லதீஃபா மேஜையைத் துடைத்து, ஓடைக்கு ஒன்றாகக் குப்பிகள் நிறைந்த முப்பத்தெட்டுப் பெட்டிகளையும் வரிசையாக அடுக்கியிருந்தாள். ஒப்பந்தம் முடிகிற நாள். கணக்கு ஒப்படைக்கிற நாள். வேலையைத் தொடர்ந்து கொடுப்பதா என்று தீர்மானிக்க வருகிறவர்கள் நேர்மையான ஆளா என்றுதான் முதலில் பார்ப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். அதனால் பெட்டிகளுக்குப் பக்கத்தில், எல்லோர் கண்ணிலும் படும்படி, பரணியை எடுத்து வைத்திருந்தாள்.

"இது என்ன, கடுமாங்காய் ஊறுகாயா?" என்றார் ராமபத்ரன்.

"கழிவு, ஸாரே."

"எதோட கழிவு?"

"ஸார் காட்டின ஈயோட சேராததெல்லாம். முப்பத்தெட்டு ஆத்துலயும் ஒதுக்கி வெச்சது. வேணும்னா தூக்கிப் பாக்கலாம், ஒண்ணும் குறையாது."

யாரும் தூக்கிப் பார்க்கவில்லை. தன்யா பரணியைத் திறந்து, ஒரு கரண்டி அள்ளி, மைக்ராஸ்கோப்பின் கீழே வைத்தாள். வெகுநேரம் குனிந்திருந்தாள்.

"ஸார், இது வேறே," என்றாள். பிறகு, "இதுவும் வேறே."

ஒரு மணிக்குள் ஏழு இனங்கள் ஆகியிருந்தன. எட்டாவதைப் பற்றி ராமபத்ரனுக்கும் தன்யாவுக்கும் கருத்து வேறுபாடு. புத்தகத்தில் இல்லாத ஒன்றாக இருக்கலாம் என்று அவர் சொன்னபோது அவர் குரலில் கமிட்டித் தலைவர் இல்லை. லதீஃபா பக்கம் திரும்பினார்.

"இது எந்த ஓடையிலே வந்ததுன்னு சொல்ல முடியுமா?"

"எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் வரும் ஸாரே. கழிவுக்குத் தனித்தனியா யாரு பேரு எழுதி வெப்பா?"

ராமபத்ரன் நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தார். மற்ற இருவரும் சிரித்தார்கள்.

"ஹரி, உன்னோட ஈ மலையிலே பொறக்கலேடா. இந்த மேஜையிலேதான் பொறந்திருக்கு."

ஆக, திட்டத்தின் கையில் இரண்டு பொருள்கள் இருந்தன. இனங்கள் எல்லாம் ஊர் இல்லாமல் ஒரு பரணியில் இருந்தன. ஓடைகள் எல்லாம் ஒரே இனத்தோடு முப்பத்தெட்டுப் பெட்டிகளில் இருந்தன. இரண்டையும் சேர்க்க வழியில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு கதவை மூடிக்கொண்டு பேசினார்கள். மூன்றரைக்குத் தீர்மானம் வந்தது. முப்பத்தெட்டு ஓடைகளிலும் ஆய்வை முதலிலிருந்து நடத்த வேண்டும். மூன்று ஆண்டுகள். கூடுதலாக இரண்டு ஆராய்ச்சி மாணவர்கள், ஒரு ஜீப். காலையில் மூடப்பட இருந்த திட்டம் மாலையில் இரண்டு மடங்காகியிருந்தது. நாலு மணிக்கு டாக்டர், தனக்கு ஆரம்பத்திலிருந்தே ஒரு சந்தேகம் இருந்தது என்று தன்யாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். தன்யா ஆமாம் ஸார் என்றாள். அவளுக்கும் மூன்று ஆண்டுகள் கிடைத்திருந்தன.

பரணியைப் பற்றியும் ஒரு வரி இருந்தது. பாதுகாத்த முறை மிகச் சிறப்பு என்று குறித்திருந்தார்கள். அருங்காட்சியகப் பதிவேட்டில் அது ஏறும். இடம்: தெரியவில்லை. சேகரித்தவர்: டாக்டர் ஹரிநாராயணன்.

தீர்மானத்தின் நான்காவது அம்சம், மாதிரிகளைப் பிரிக்கும் பணிக்கு விலங்கியல் பட்டம் கட்டாயம் என்பது. லதீஃபா ஏழாம் வகுப்பு. டாக்டர் அவளை மாடிப்படிக்கு அழைத்துப் போய்ச் சொன்னார். கீழே கண்காட்சிக்கு வந்த வெள்ளைக்காரர்கள் படியைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"உங்க மேலே தப்பு ஒண்ணும் இல்லே, கேட்டேளா."

"பின்னே எதுக்கு ஸாரே என்னை ஒதுக்கறீங்க?"

"தப்பு நடந்துடுத்து. அது எங்கே நடந்ததுன்னு ரிப்போர்ட்டிலே ஒரு இடம் காட்டணும்."

"அன்னிக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஆத்துக்கு ஒரு குப்பின்னு கழிவையும் தனியா வெச்சிருப்பேனே."

"சொல்லியிருக்கணும்," என்றார் டாக்டர். வருத்தமாகவே சொன்னார். "ஆனா அதை எங்கே எழுதறது? படிவத்திலே அதுக்குக் கட்டம் இல்லே."

நாற்காலி போனது அவளுக்குப் புரிந்திருந்தது. ஏழு இனங்கள் கூடுதலாகக் கிடைத்ததற்கு அது ஏன் போக வேண்டும் என்பது புரியவில்லை. அதைக் கேட்கவில்லை. பரணியில் குறைவு இல்லை என்று எழுதித் தர முடியுமா என்று மட்டும் கேட்டாள். டாக்டர் அலுவலகத் தாளில், பெற்றுக்கொண்ட பொருள் முழுமையாக இருந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்திக் கொடுத்தார். இங்கிலீஷில் எழுதியிருந்தார். அவள் அதை நாலாக மடித்துப் பையில் வைத்தாள்.

மறுநாள் சனிக்கிழமை. லதீஃபா ஆறு மணிக்கு எழுந்தாள். பஷீர் ஏழு மணிக்கு ஆட்டோவை எடுத்துக்கொண்டு போனான். ஒன்பது மணிக்கு அவள் பள்ளுருத்தி பஸ்ஸில் ஏறினாள். அங்கே இறால் தோல் உரிக்கும் ஷெட்டில் ஆள் எடுக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டு ரோஜா சொல்லியிருந்தாள். மேற்பார்வை பார்க்கும் பெண் பெயர், வயது, போன் நம்பர் எழுதிக்கொண்டாள். கையுறை சொந்தமாக வாங்கிக்கொள்ள வேண்டும் என்றாள். திங்கட்கிழமை ஆதார் நகலோடு வரச் சொன்னாள். லதீஃபா தோப்பும்படியில் இறங்கி நகல் எடுத்தாள். கப்பை என்கிற மரவள்ளிக் கிழங்கு ஒரு கிலோ வாங்கினாள். இரண்டு மணிக்கு மழை பெய்து மூன்றுக்கு நின்றது. ஆஷிஃபா ஐந்து மணிக்கு வந்தாள். கப்பை வெந்திருந்தது.