உங்கட ஆக்கள் வரவில்லையோ

துறைமுகத்துக்குப் போகும் வீதியிலிருந்து பிரிகிற ஓர் ஒழுங்கையில் நானும் அம்மாவும் வாடகைக்கு இருந்தோம். எழுபதுகளின் தொடக்கம், பேக்கரியில் பாணுக்கு வரிசையில் நின்ற காலம். நகரசபைக் கந்தோரில் எனக்குத் தட்டெழுத்து வேலை. தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் ஓரளவு ஓடும் என்பதால் வெளியிலிருந்து யாராவது வந்தால் மொழிபெயர்க்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். மற்ற நேரங்களில் என்னை ஒருவரும் கூப்பிடுவதில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவள், கலியாணம் கட்டாதவள், வாயும் கொஞ்சம் நீளம். ஊர் தள்ளி நிற்க இதில் ஒன்றே போதும், என்னிடம் மூன்றும் இருந்தன.

அம்மாவின் கதை வேறு. அவர் வேதக்கார, கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, சைவக்காரரான அப்பாவைக் கட்டியவர். அப்பா போன பிறகு வெள்ளிக்கிழமைகளில் அம்மன் கோயிலுக்குப் போவார், ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தின் கடைசி வாங்கில் போய் இருப்பார். "ரெண்டு இடத்திலையும் என்னைக் கலைக்கேல்லைத்தானே" என்று சொல்லிச் சிரிப்பார். துரத்தவில்லைதான். ஆனால் இரண்டு இடத்திலும் அவரைப் பக்கத்தில் கூப்பிட்டு இருத்தியவர்களும் இல்லை.

அந்த நாட்களில் கொழும்பிலிருந்து ஓர் ஆய்வுக்காரப் பெண் வந்தார். சிங்களவர், என் வயதுதான் இருக்கும். பலவகைச் சனமும் ஒரு நகரத்தில் எப்படி ஒட்டி வாழுகிறது என்பதை அறிவது அவருடைய வேலை. அதை வீடு வீடாகப் போய்க் கேட்காமல் ஊரிலுள்ள சங்கங்களைக் கூட்டிவைத்துக் கேட்க வேண்டும், அவர்கள் ஒன்றாக ஒத்துக்கொள்வதை நகரசபை ஒரு விதியாக எடுக்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம். "சட்டம் போடுகிறவர்கள் சனத்திடம் கேட்பதேயில்லை" என்று கோபப்படுவார். எனக்கு அவரைப் பிடித்துக்கொண்டது. என்னோடு இருந்து தேத்தண்ணீர் குடித்து, நான் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்ட ஆள் அந்த ஊரில் அவர் ஒருவர்தான்.

பள்ளிக்கூடம் விட்ட பிறகு அதன் மண்டபத்தில் முதற்கூட்டம் நடந்தது. சைவக்காரரின் மரண உதவிச் சங்கத்தின் காரியதரிசி, பள்ளிவாசல் நிர்வாகி ஒருவர், தேவாலயத்திலிருந்து ஒருவர், விகாரையைப் பராமரிக்கும் தாயக சபைக்காரர், துறைமுகத் தொழிலாளர் சங்கத்துக்காரர் என்று எல்லாரும் வந்திருந்தார்கள். ஆய்வுக்காரப் பெண் கேட்ட முதற் கேள்வி, உங்கள் ஒழுங்கையில் ஒருவருக்குத் துன்பம் வந்தால் யார் முதலில் போகிறார்கள் என்பது. "நாங்கள்தான்" என்றார் ஒவ்வொருவரும். காரியதரிசி எழுந்தே நின்றுவிட்டார். சுங்கக் கந்தோரில் இருந்து ஓய்வு பெற்றவர், குடையைக் கையிலிருந்து இறக்காத மனிதர்.

"செத்த வீடெண்டு காதிலை விழமுந்தி எங்கட கதிரை படலையடியிலை நிக்கும். எங்கட பக்கத்திலை ஒருத்தரும் அநாதையாப் போனதில்லை" என்றார்.

அவர் சொன்னது பொய்யில்லை. செத்த வீட்டுக்கு வருகிறவர்கள் இருப்பதற்கு, சங்கத்தின் எழுத்துப் பொறித்த இரும்புக் கதிரைகள் வண்டியில் கடகடவென்று போகும் சத்தத்தைக் கேட்டுத்தான் எங்கள் ஒழுங்கை ஒரு சாவை அறியும். ஒவ்வொரு சங்கத்துக்கும் ஒரு நிறக் கதிரை. கதிரையின் நிறத்தைப் பார்த்தே செத்தவர் யாருடைய ஆள் என்று சொல்லிவிடலாம். காரியதரிசி சொன்னதை நானும் மெருகு குறையாமல் மொழிபெயர்த்தேன்.

அடுத்த கூட்டத்துக்கு முன் அம்மா போய்விட்டார். காய்ச்சல் என்று படுத்தவர், விடியப் பார்த்தபோது எழும்பவில்லை.

நானே அவரை முன்னறையில் கிடத்தி, தலைமாட்டில் விளக்கேற்றினேன். வேலிக்கு அப்பால் இருந்த முஸ்லிம் வீட்டுக்கார அக்கா வெந்நீரும் கஞ்சியும் வேலிக்கு மேலால் தந்தார். பிறகு வாசற் படலையைத் திறந்துவைத்துவிட்டுக் காத்திருந்தேன். செத்த வீட்டில் செய்ய வேண்டியதெல்லாம் மற்றவர்கள் வந்து செய்கிற வேலை. வீட்டுக்காரிக்கு இருந்து அழுவது மட்டும்தான். அழுவதற்கும் கழுத்தைக் கட்டிக்கொள்ள ஒரு பெண்ணாவது வர வேண்டும். தனியே ஒப்பாரி வைப்பவளை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். எனக்கு அழுகை வரவில்லை.

முதலில் வந்தவர் ஒழுங்கைக் கடைசியில் ஓர் அறையில் தனியே இருந்த மலையாளத்துக்காரர். வெள்ளைக்காரன் காலத்தில் கப்பற்படைத் தளத்துக்கு வேலைக்கு வந்து, தளத்தை விட்டு அவர்கள் போனபோது கூட வந்தவர்களெல்லாம் ஊர் திரும்ப, இவர் மட்டும் நின்றுவிட்டார். குடையும் மண்ணெண்ணெய் அடுப்பும் திருத்துவார். என் குடையை ஒருமுறை திருத்தித் தந்ததைத் தவிர எங்களுக்குள் பழக்கமில்லை. படலையடியில் மடித்துக் கட்டியிருந்த சாரத்தை இறக்கிவிட்டு உள்ளே வந்து அம்மாவைப் பார்த்தார்.

"தந்தி கொடுக்கணுமா?" என்று கேட்டார்.

வவுனியாவில் இருந்த மாமாவின் விலாசத்தைச் சொன்னேன். தபாற்கந்தோருக்குப் போய்த் தந்தி கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து, முற்றத்தில் வேப்பமரத்தோடு நின்றார். எங்கள் வீட்டில் இருந்த இரண்டு கதிரைகளில் ஒன்று முறிந்தது, மற்றதில் விளக்கெண்ணெயும் சாமான்களும் இருந்தன. இருக்கச் சொல்ல எனக்கு ஒரு கதிரை இல்லை.

வெயில் ஏறியது. ஒழுங்கை முனையில், வாகை மரத்துக்குக் கீழே ஆட்கள் கூடியிருப்பது தெரிந்தது. காரியதரிசியின் குடை தெரிந்தது. தேவாலயத்துக்காரர் நின்றார். துறைமுகத்துக்காரர் சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். எல்லாரும் எங்கள் படலையைப் பார்த்தார்கள். ஒருவரும் வரவில்லை. கோடையில் வீசும் கச்சான் காற்று புழுதியை அள்ளி முற்றத்தில் கொட்டிக்கொண்டிருந்தது.

"ஏன் புள்ள, ஒங்கட ஆக்கள் இன்னும் வரல்லயா?" என்று வேலிக்கு அப்பாலிருந்து அக்கா கேட்டார்.

என்னுடைய ஆட்கள் யார்? அக்கா என்னையும் வெறும் முற்றத்தையும் பார்த்தார். பிறகு தன் புருஷனைக் கூப்பிட்டு, தங்கள் வீட்டு வாங்கு ஒன்றை வேலியைப் பிரித்து இந்தப் பக்கம் தள்ளிவிட்டார். அன்றைக்கு எங்கள் வீட்டுக்கு வந்த ஒரேயொரு ஆசனம் அதுதான். மலையாளத்துக்காரரை இருக்கச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினாரே தவிர இருக்கவில்லை. பின்னேரம் மாமா ஆட்களோடு வான் பிடித்து வந்து அம்மாவை எடுக்கும் வரைக்கும் நின்றபடியே நின்றார்.

அம்மாவின் முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்த பிறகுதான் இரண்டாவது கூட்டம் நடந்தது. ஆய்வுக்காரப் பெண் என் இரண்டு கைகளையும் பிடித்து, நீ வரத் தேவையில்லை என்றார். வீட்டில் இருந்து சுவரைப் பார்ப்பதைவிட இது மேல் என்று சொல்லிவிட்டுப் போனேன். கூட்டத்தில் காரியதரிசி எழுந்து, குடையை ஊன்றிக்கொண்டு, பழைய பல்லவியைத் தொடங்கினார்.

"எங்கட பக்கத்திலை ஒருத்தரும் அநாதையாப் போனதில்லை."

அதை நான் சிங்களத்தில் சொன்னேன். ஆங்கிலத்தில் சொன்னேன். பிறகு அதே குரலில், "என்னுடைய அம்மா போனார், இங்கே இருக்கிற நீங்கள் எல்லாரும் ஒழுங்கை முனையில் நின்று பார்த்தீர்கள்" என்றேன். அதையும் மூன்று மொழியிலும் சொன்னேன். மொழிபெயர்க்க வந்தவளுக்குச் சொந்தமாக ஒரு கதை இருக்கும் என்று அந்த மண்டபத்தில் யாரும் எதிர்பார்க்கவில்லை.

காரியதரிசியின் முகம் கறுத்துப்போனது. "பிள்ளை, குறை நினையாதேங்கோ. அம்மா வேதமெண்டு நாங்கள் நினைச்சனாங்கள். சேர்ச்சுக்காரர் வருவினமெண்டு பாத்துக்கொண்டு நிண்டனாங்கள்."

"கோயிலுக்குப் போறவதானே, சைவக்காரர் பாப்பினமெண்டு நாங்கள் நிண்டம்" என்றார் தேவாலயத்துக்காரர்.

துறைமுகத்துக்காரர், நான் அரசாங்க உத்தியோகம் பார்க்கிறவள், கந்தோர்க்காரர் வருவார்கள் என்று நின்றாராம். "இவங்க எல்லாரும் வெளிய நிக்கக்குள்ள நாங்க எப்படி முந்திப் போறது?" என்றார் பள்ளிவாசல் நிர்வாகி.

"மற்றவையின்ர செத்த வீட்டுக்குள்ளை எங்கட கதிரையோட போனா அது அவையளை அவமதிக்கிற மாதிரியெல்லோ" என்றார் காரியதரிசி. அவர் மெய்யாகவே அப்படித்தான் நினைத்தார். அதுதான் எனக்குக் கூடுதலாக எரிந்தது. ஒருவர் கெட்டவராக இருந்திருந்தால் அவரைத் திட்டித் தீர்த்திருப்பேன். மரியாதைக்காக வெயிலில் நின்றவர்களை என்ன செய்வது? பல பேர் அடித்த பாம்பு சாகாது என்பார்கள். பல பேர் பார்த்த பிணமும் கிடந்தது.

ஆய்வுக்காரப் பெண் என்னைப் பார்த்து, என்ன செய்தால் நல்லது என்று நினைக்கிறாய் என்றார். கூட்டத்தில் யாராவது என்னிடம் கேட்ட முதற் கேள்வி அதுதான்.

"ஆரின்ர ஆக்களெண்டு கேளாமல் கதிரையை அனுப்புங்கோ" என்றேன்.

அதைத்தான் விதியாக்கினார்கள். எந்தச் சங்கத்திலும் இல்லாத ஒருவர் இறந்தால், ஒருவரை ஒருவர் பார்த்து நிற்காமல் எல்லாச் சங்கமும் கதிரை அனுப்ப வேண்டும். நகரசபையும் ஏற்றுக்கொண்டது. ஆய்வுக்காரப் பெண்ணுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உன்னால்தான் இது நடந்தது, கட்டாயம் திரும்பி வருவேன் என்று சொல்லி மெயில் ரயில் ஏறினார். பிறகு அவர் வரவேயில்லை. அவருக்கு வேறு நகரங்கள் இருந்திருக்கும். அவர் குடித்த கோப்பையை நான் கனகாலம் வேறாக வைத்திருந்தேன்.

மறுபடி கச்சான் காற்று வீசத் தொடங்கிய காலத்தில், ஒருநாள் மத்தியானம் கந்தோரால் வந்தபோது, ஒழுங்கை முழுக்கக் கதிரை வண்டிகள். மலையாளத்துக்காரர் போய்விட்டார்.

விதி சொன்னபடி எல்லாச் சங்கமும் அனுப்பியிருந்தது. நீலம், பச்சை, மண்ணிறம் என்று, அவருடைய அறைக்கு முன்னால் வெறும் வளவில் வரிசை வரிசையாகக் கதிரைகள். காரியதரிசி தானே நின்று அடுக்குவித்திருந்தார். உள்ளே மலையாளத்துக்காரரைக் கழுவிக் கிடத்தி, வெள்ளை கட்டி, எல்லாம் குறைவில்லாமல் செய்திருந்தார்கள். கதிரைகளில்தான் ஒருவரும் இல்லை. சனமெல்லாம் பழையபடி வாகை மரத்துக்குக் கீழே நின்றது.

நான் முன்வரிசையில் ஒரு பச்சைக் கதிரையில் போய் இருந்தேன். சுற்றிவர அத்தனையும் வெறுங் கதிரைகள். நாளைக்கு எனக்கும் இதுதான் என்று நினைத்தேன். கதிரைகள் வரும், நானே கேட்டு வாங்கியவை. அவற்றில் இருக்க ஒருவரும் வர மாட்டார்கள்.

காரியதரிசி தயங்கித் தயங்கிக் கிட்ட வந்தார். "இனி ஆக்கள் வரமாட்டினம் பிள்ளை. ஆரிட்டை வாறது? செத்த வீட்டுக்கு வாறது இருக்கிற ஆளுக்கு முகம் காட்டத்தானே. இவருக்கு ஒரு உரித்தாளி இல்லை. கதிரையளை எடுக்கச் சொல்லட்டோ?"

நான் கதிரையை விட்டு எழும்பவில்லை. அவர் போகத் திரும்பி, ஏதோ நினைத்தவராக, "நீங்கள் வந்திருக்கிறியள். உங்களுக்கு ஏதும் சொந்தமோ?" என்றார்.

"ஓம்" என்றேன்.

"என்ன முறை?"

"மாமா முறை."

யாழ்ப்பாணத்தாளுக்கு மலையாளத்து மாமா எங்கிருந்து வந்தார் என்று அவர் கண் கேட்டது. ஆனால் செத்த வீட்டில் ஒருத்தி உறவென்று சொன்னால் அதை மறுக்க அவருக்குத் தெரியாது. குடையை மடக்கி வைத்துவிட்டு, எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தார். "எல்லாம் விதி பிள்ளை, மனதைத் தேற்றிக்கொள்ளுங்கோ" என்றார்.

வாகை மரத்தடியில் நின்றவர்கள் அதைக் கண்டார்கள். துறைமுகத்துக்காரர் சைக்கிளைச் சாத்திவிட்டு வந்து என் கையைப் பிடித்தார். அவருக்குப் பின்னால் தேவாலயத்துக்காரர். ஒருவர் பின் ஒருவராக வந்து, தலையைக் குனிந்து, எந்த நிறம் என்று பாராமல் கதிரைகளில் இருந்தார்கள். பெண்களும் வந்தார்கள். என்னைக் கட்டிப்பிடித்து, என் கழுத்தில் முகம் வைத்து அழத் தொடங்கினார்கள்.

வேலிக்கு அப்பால் இருந்த அக்காவும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வந்தார். எனக்கு அப்படியொரு மாமா இல்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். ஒன்றும் கேட்காமல் கிட்ட இருந்து என் தலையைத் தடவினார்.

"அழு புள்ள. உம்மா போன அண்டைக்கு நீ அழல்லயே" என்று காதுக்குள் சொன்னார்.

அதற்குப் பிறகு என்னால் நிறுத்த ஏலவில்லை. அம்மா, அம்மா என்று வாய்விட்டுக் கத்தி அழுதேன். மாமாவில் இவ்வளவு பாசமோ என்று பின்வரிசையில் யாரோ கதைப்பது கேட்டது.