சும்மாதான் கீது

தொண்ணூற்றொன்றாம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு என்னைப் போன்ற வாத்தியார்களைத்தான் வீடு வீடாக அனுப்பினார்கள். எனக்கு அண்ணனூர் விழுந்தது. ஒரு வீட்டில், மனைவிக்கு என்ன வேலை என்று கேட்டேன். "அது சும்மாதான் கீது சார்," என்றார் கணவர். வேலை செய்யாதவர் என்று குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனேன். அந்தம்மாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. தெருவில் இன்னும் பாதி வீடு பாக்கி இருந்தது.

சில வருடம் கழித்து, அச்சாகி வந்த அட்டவணையிலிருந்து எங்கள் பகுதிக் கணக்கைக் கரும்பலகையில் எழுதி, பிளஸ் டூ மாணவிகளுக்குப் பாடம் நடத்தினேன். பெண்களில் பெரும்பாலோர் வேலை செய்யாதவர்கள். ஏன் என்று கேட்டேன். படிப்பில்லை, கூச்சம், வீட்டில் விடமாட்டார்கள் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். கடைசி பெஞ்சில் ஒருத்தி எழுந்தாள்.

"எங்க ஊட்டுக்கு நீங்கதான் சார் எழுத வந்தீங்க. எங்கம்மா அம்பத்தூர் கம்பெனிக்கு ரப்பர் வாஷர் பிசிறு வெட்டிகினு இருந்துச்சு. அந்த மூட்டையத் தள்ளி வெச்சிட்டுத்தான் உங்களுக்கு உக்கார எடம் குடுத்துச்சு."

மூட்டை எனக்கு ஞாபகம் இருந்தது. பேன்ட்டில் கறுப்பு ஒட்டிவிடுமே என்று நான் நகர்ந்து உட்கார்ந்ததும் ஞாபகம் இருந்தது. "புக்ல இருக்கறத எழுதுனாதான் மார்க்," என்று சொல்லி அவளை உட்காரவைத்தேன்.

பரீட்சையில் அதையே கேட்டேன்: நம் பகுதிப் பெண்கள் வேலை செய்யாததற்குக் காரணங்கள் யாவை? அவள் ஐந்து காரணம் எழுதியிருந்தாள். முழு மதிப்பெண் போட்டேன்.