புளியில் துலக்கிய பிறை அம்பு

அம்புமுனை சேர்க்கிறவர்கள் எல்லாருக்கும் தெரிந்த ஒரு விசயம் உண்டு. குறியில் பட்ட அம்பை வேட்டைக்காரன் பிடுங்கித் துடைத்து மறுபடியும் வில்லில் ஏற்றியிருப்பான். குறி தவறிப் புல்லுக்குள்ளும் சேற்றுக்குள்ளும் போய் விழுந்ததுதான் மண்ணில் கிடந்து கிடந்து எங்கள் கைக்கு வந்திருக்கிறது. அப்படிப் பார்த்தால், என் மரப்பெட்டியில் இருக்கிற பதினேழும் பதினேழு தவறல்கள். பதினேழு முயல்களோ புறாக்களோ தப்பிப் போன பிற்பகல்கள். வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்ற முதலே அந்தப் பெட்டியைத் திறந்துவிடுவேன். ஓரிடத்தில் இருக்கத் தெரியாத மனம் எனக்கு. அந்த இரும்புகளுக்கு முன்னால் மட்டும் அது கொஞ்சம் குந்தும்.

முதலாவதை, மிச்சம் என்கிற ஊருக்குப் பக்கத்தில், காரின் பின்பெட்டியில் பழஞ்சாமான் வைத்து விற்கிற கார் பூட் சந்தையில் வாங்கிக்கொண்டு வந்த அன்று மனிசி வாசலிலேயே மறித்தாள்.

“ஆயுதம் ஒண்டும் இந்த வீட்டுக்குள்ள வேண்டாம். பாத்தது காணும்.”

“இது வேட்டை அம்பு. முயலுக்கும் பறவைக்கும் விட்டது.”

“ஆளுக்கு விட்டதில்லையே? வடிவாத் தெரியுமோ?”

“ஓம்.”

வழி விட்டாள். ஆனால் துருவேறிய இரும்பு என்று பெட்டிக்குக் ‘கறள் பெட்டி’ என்று பெயர் வைத்தாள். கறள் பெட்டியைத் தூக்குங்கோ, மேசையில சோறு வைக்கவேணும். கறள் பெட்டிக்குப் பக்கத்தில மூக்குக் கண்ணாடி கிடக்குது, எடுங்கோ.

அதே சந்தையில், பழைய இரும்புகள் கிடந்த ஒரே பிஸ்கட் டின்னுக்குள் இரண்டு பேரும் ஒரே நேரம் கையை விட்டதில் பழக்கமானவர் ஒரு வெள்ளைக்காரர். ட்ராம் ஓட்டுகிறவர், என் வயதுதான். அவரிடம் ஒரு பிறை அம்பு இருந்தது. மூன்றாம் பிறை மாதிரி இரண்டு கொம்பு விரிந்து, உள்வளைவில் கூர் வைத்தது. அதன் கழுத்தடியில் காம்பு செருகுகிற குழல். குழலுக்குள்தான் அவருடைய உயிர் கிடந்தது. அம்பின் மரக்காம்பு முறிந்து ஒரு துண்டு உள்ளேயே நின்று, கறள் ஊறி ஊறிக் கல்லுப்போல் இறுகியிருந்தது. லென்ஸ் பிடித்தால் மரத்தின் ரேகை தெரியும். “இரும்பு கிடைக்கும், மரம் கிடையாது” என்பார். அவர் வாயால் நான் கேட்ட ஒரே பெருமை அது.

அதைப் பற்றி எழுதவேண்டும் என்று பத்து நாளுக்கு இரவல் கேட்டேன். பஞ்சு வைத்த தீப்பெட்டியில் தந்தார். தண்ணீர் மட்டும் படக்கூடாது என்றார்.

கொண்டுவந்து என் பெட்டியில் பதினெட்டாவதாக வைத்தேன். மனிசி எட்டிப் பார்த்து, “புதிசோ?” என்றாள்.

“ஓம்” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? இரவல் கதையை விளங்கப்படுத்தப் பஞ்சியாக, சோம்பலாக இருந்தது என்று சொல்லலாம். அது பாதிதான். மற்றப் பாதி, பத்து நாளைக்காவது அது என்னுடையதாக இருக்கட்டும் என்று ஆசைப்பட்டேன்.

அந்தப் பத்து நாளுக்குள் ஆயுத பூசை வந்தது. காலை ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வருகிறேன், ஹோலில் குத்துவிளக்கு எரிகிறது. சாமித் தட்டுக்குக் கீழே சிவப்புத் துணியில் குசினிக் கத்தி, கத்தரிக்கோல், மகளின் லாப்டொப், கார்த் திறப்பு. அவற்றுக்கு முன்னால், வரிசையாக, வெள்ளி போல் மின்னிக்கொண்டு பதினெட்டு அம்புமுனைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சந்தனப் பொட்டு.

மனிசி தோய்ந்த தலையோடு சிரித்துக்கொண்டு நின்றாள். “எப்பிடி? கறள் பெட்டி, கறள் பெட்டி எண்டு எவ்வளவு நக்கலடிச்சிருப்பன். நீங்கள் ஆசையா வைச்சிருக்கிற சாமான். இண்டைக்கும் அதை விட்டா பாவமெல்லே? பழப்புளியும் தும்பும் போட்டு மினுக்கினது. கை விறைச்சுப் போச்சு.”

அவ்வளவு வருடத்தில் என் பெட்டியை அவள் தொட்டது அதுதான் முதல் தடவை. பிறை அம்பைத் தூக்கினேன். குழல் வழியே விளக்குச் சுடர் தெரிந்தது.

“அந்த ஓட்டைக்குள்ள மண் அடைஞ்சு கிடந்தது. ஈர்க்கால கிளறித்தான் எடுத்தன். லேசில வரேல்லை.”

கதிரையில் இருந்துவிட்டேன்.

“என்னப்பா?”

“இது எங்கட இல்லை. ட்ராம் ஓட்டுறவற்றை சாமான். இரவல்.”

சிரிப்பு மெல்ல மெல்ல இறங்கியது. “அப்ப ஏன் ஓம் எண்டனீங்கள்? இரவல் சாமானெண்டா நான் விரலாலயும் தொட்டிருக்கமாட்டனே.”

உண்மை. தொட்டிருக்கமாட்டாள்.

“மண்ணை எங்க போட்டனீர்?”

“கறிவேப்பிலைச் சாடிக்குள்ள. இரும்புச்சத்து எண்டு.”

யன்னலோரத்துச் சாடியை ஆங்கிலப் பேப்பரில் கவிழ்த்தோம். தேத்தண்ணி வடியால் நான் அரித்தேன். அவள் வடியை நம்பவில்லை. அரிசியில் கல் பொறுக்குகிற அதே விரல்களால் மண்ணைப் பரப்பிப் பரப்பித் தடவினாள். ஒரு மணித்தியாலம் அப்படிப் போனது. கடைசியில் அவள் உள்ளங்கையில் மூன்று துணுக்கு. பெரியது அரை அரிசி அளவு. லென்ஸ் பிடித்தேன். ரேகை இருந்தது.

“இண்டைக்கே போவம்” என்றாள்.

“நான் தனியப் போறன்.”

“மினுக்கினது நான்.”

பூசைக் கடலையை ஒரு டப்பாவில் அடைத்துக்கொண்டு ட்ராம் ஏறினாள்.

அவர் கதவைத் திறந்து, எங்கள் முகத்தைப் பார்த்து, தீப்பெட்டியை வாங்கினார். பிறையை யன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிக் குழலுக்குள்ளால் பார்த்தார். கழுத்து சிவந்துகொண்டு வந்தது. “மரம்?” என்றார். கடதாசியில் மடித்த மூன்று துணுக்கையும் நீட்டினேன். ட்ராமில் அடுக்கி வைத்த ஆங்கிலம் முழுக்க எங்கேயோ இறங்கிப் போய்விட்டது.

“ஐ வோஷ்” என்றாள் மனிசி. “நொட் ஹிம். பட் ஹி டிடின்ட் டெல் மீ.”

அந்த நேரத்திலும் என்னைக் காட்டிக்கொடுத்தாள். அதுவும் நியாயம்தான்.

ஏன் கழுவினீர்கள் என்று அவர் அவளைத்தான் கேட்டார். அவள் பாதி ஆங்கிலத்திலும் பாதி கையாலும் சொன்னாள். வருசத்தில் ஒருநாள் உழைக்கிற சாமான்களுக்கு ஓய்வு. கழுவி, பொட்டு வைத்து, கும்பிட்டு, அடுத்தநாள்தான் திருப்பி எடுப்போம். “யுவர் ட்ராம் ஆல்சோ” என்றாள். அவர் மூக்கால் ஒரு மூச்சு விட்டார். சிரிப்பென்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

சேர்க்கிறவர்களிடம் ஒரு வழக்கம். ஒரு பொருளுக்கு என்ன நடந்தாலும் அதன் அட்டையில் எழுதிவிட வேண்டும், வெட்கக்கேடானாலும். பழையதை அழிக்கக்கூடாது, வாசிக்கத் தெரிகிற மாதிரி ஒரு கோடுதான் இழுக்கலாம். அவர் அட்டையை எடுத்து, ‘குழலில் மரம் உண்டு’ என்ற வரிக்கு மேலே கோடு இழுத்தார். பேனையைப் பிடித்தபடி, எதால் கழுவினீர்கள் என்றார். “டாமரின்ட்.” எதுக்காக என்று எழுத? அவள் என்னைப் பார்க்கவில்லை. “ப்ரேயர்” என்றாள். அவர் எழுதினார்.

பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. பரவாயில்லாத விசயத்துக்கு அப்படிச் சொல்லாத மனிதரை எனக்கு அன்றைக்கு இன்னும் பிடித்தது. துணுக்குகளைத் தனிப் பையில் போட்டார். கொம்பின் உள்வளைவில் ஒட்டியிருந்த சந்தனத்தைத் துடைக்காமல் பிறையைத் தட்டில் வைத்தார். பிறகு கடலையில் ஒன்றை எடுத்துக் கடித்தார். இன்னொன்று.

திரும்பி வரும்போது மனிசி கேட்டாள்: “என்ன எழுதினவர்?”

“புளியால கழுவினது, வழிபாட்டுக்காக எண்டு.”

“பழுதாக்கினது எண்டு எழுதேல்லையே?”

“இல்லை.”

ட்ராம் ஒரு தரிப்பிடம் தாண்டியது. பிறகு, “உங்கட பதினேழுக்கும் எழுதோணுமெல்லே?” என்றாள்.

சாப்பாட்டு மேசையில் இருந்து எழுதினேன். அவள் பக்கத்தில் இருந்தாள், பெட்டியைத் தூக்கச் சொல்லவில்லை. பதினேழு அட்டையிலும் ஒரே வரி, புளியால் துலக்கப்பட்டது, பூசைக்காக. பெட்டியில் பிறை இருந்த பதினெட்டாவது குழி வெறுமையாகக் கிடந்தது. அவள் அதற்கும் ஒரு அட்டையை வெட்டி என் முன்னால் தள்ளினாள்.

எழுதினேன்: இரவல். வீட்டில் சொல்லவில்லை.